லேப்டாப்பில் பாட்டு எழுதும் பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பாட்டு எழுதுகிறவர்கள் மட்டுமாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் பாடும் கும்மியையும் ஒப்பாரியையும் ஸ்வரப்படுத்தி, நொட்டேஷன் சாஃப்ட்வேரில் ஏற்றுகிற வேலையை நம் பிள்ளைகள் சிலர் செய்துவருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அடிக்கடி போன் வருகிறது. "சார், பிளே அமுக்கினா சத்தமே வரல." "சார், எழுதிக்கிட்டு இருக்கும்போதே மூடிக்கிச்சு." இரண்டுக்கும் ஒரே மாதிரி பதறுகிறார்கள். முதலாவதுக்குப் பதற வேண்டியதே இல்லை.

சத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். புளூடூத் ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருப்பீர்கள். சாஃப்ட்வேர் இன்னும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் ஆடியோ டிவைஸைப் பாருங்கள். மிக்சரில் வாத்தியம் மியூட் ஆகியிருக்கிறதா பாருங்கள். நம் பிள்ளைகள் அதிகம் வைத்திருப்பது இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர். அதன் 4-ஆம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. அதற்கென்று தனியாக இறக்கிக்கொள்ளும் மியூஸ் சவுண்ட்ஸ் கேட்க அருமை, ஆனால் மெமரியை விழுங்கும். பழைய லேப்டாப் திணறினால் மிக்சரில் எம்எஸ் பேசிக் ஒலிக்கு மாற்றுங்கள். எழுதுகிற வேலைக்கு அது போதும்.

கமகம் சரியாகக் கேட்கவில்லை என்பது பழுதில் சேராது. பியானோவின் 12 ஸ்வரத்தில் ஒப்பாரியின் இழுப்பு எப்படி அடங்கும்? பாட்டியின் குரலைப் போனில் பதிந்து, அதே பெயரில் பைலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிளேபேக்கைக் கேட்டுவிட்டுப் பாட்டைத் திருத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாதியில் மூடிக்கொள்வதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். பாடிய அம்மாக்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். பைல் போனால், மறுபடி போய்ப் பாடச் சொல்ல ஆள் இருப்பார்களா? ஆட்டோசேவ் எப்போதும் ஓடட்டும்; இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். ஒரே ஒரு பைலைத் திறக்கும்போது மட்டும் விழுகிறதா, எதைத் திறந்தாலும் விழுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்தப் பைலைச் சந்தேகப்படுங்கள். எல்லாமே என்றால் ஃபேக்டரி செட்டிங்ஸுக்குத் திருப்பிப் பாருங்கள். அப்படிச் செய்தால் சமீபத்தில் திறந்த பைல்களின் பட்டியல் காலியாகிவிடும். பாட்டு போச்சே என்று அலற வேண்டாம், பைல் இருந்த இடத்தில் இருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். சாஃப்ட்வேரையே கைவிட்டுவிட்டால்? 1988-ல் வந்த ஃபினாலே, உலகம் முழுக்க இசைக்காரர்கள் நம்பி எழுதியது. 2024 ஆகஸ்டில் அதை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்துவிட்டது. இனி அதற்கு அப்டேட் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு பாட்டு முடிந்ததும் மியூசிக் எக்ஸ்எம்எல் ஆக ஒன்று, பிடிஎஃப் ஆக ஒன்று எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். 2004-ல் வந்த அந்த எக்ஸ்எம்எல் முறையை வேறு வேறு சாஃப்ட்வேர்களும் படிக்கும். பிறகு காகிதத்தில் ஒரு பிரிண்ட். சிரிக்காதீர்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகப் போனால் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் அங்கேதான் அச்சானது. தெலுங்கு எழுத்தில், ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி போட்டு அச்சுக் கோத்திருக்கிறார்கள். நம் இசையை மேல்நாட்டுக் கோட்டுக் குறியீட்டில் அச்சிட்ட சின்னசாமி முதலியார் அவரைத் தூண்டியவர்களில் ஒருவர். பின்னாளில் மியூசிக் அகாடமி அதைத் தமிழிலும் கொண்டுவந்தது. பிளே பட்டன் இல்லாத அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் வித்வான்கள் புரட்டிப் பார்த்துப் பாடுகிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பென் டிரைவில் பைலும், கையில் பிரிண்டும் கொண்டுவாருங்கள். ஒரு பிரதி என் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். யாரிடம் எந்த ஊர்ப் பாட்டு இருக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். பாடியவர் பெயரையும் விடாமல் குறித்து வையுங்கள்.