பெயரைத் தாங்கும் திரிபு

அலையாத்திக் காடுகளை ஒட்டிய உவர்நிலத்தில் வளரும் காட்டு நெல்லின் வேரிலும் தண்டிலும் வேர்சூழ் மண்ணிலும் இருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியத்தை, லோகநாதனும் நாயரும் 2004ஆம் ஆண்டில் புதிய பேரினமாகவும் புதிய சிற்றினமாகவும் விவரித்து, வேளாண் அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதன் பெயரால் 'சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ்' என வழங்கினர். காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துவது, பாஸ்பேட்டைக் கரைப்பது, 3 விழுக்காடு உப்பிலும் நன்கு வளர்வது ஆகிய இயல்புகளால் இதன் பயனே பெரிதும் பேசப்படுகிறது. வகைப்பாட்டியலார் கற்க வேண்டியதோ இது விவரிக்கப்பட்ட முறையை. ஒரே திரிபை, அதாவது ஒரு தூய வளர்ப்பை மட்டும் நம்பாமல் பல திரிபுகளை ஒப்பிட்டு, அவற்றின் டிஎன்ஏ தம்முள் சராசரியாக 93 விழுக்காடு ஒத்திருப்பதை அவர்கள் காட்டினர். ஒரே சிற்றினம் என்பதற்குக் கொள்ளப்படும் எல்லை 70 விழுக்காடே. கொழுப்பு அமிலங்களும் சர்க்கரைகளிலிருந்து அமிலம் ஆக்கும் திறனும் அச்சான்றுக்குத் துணைநின்றன.

இன்று 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு வரிசையில் 98.7 விழுக்காட்டுக்குக் குறைந்த ஒற்றுமையும், முழு மரபணுத்தொகுதிகளின் சராசரி ஒற்றுமை 95 விழுக்காட்டைத் தொடாமையும் புதுமைக்கு அடையாளங்களாகின்றன. ஆயினும் ஒரே திரிபின் எண்களை மட்டும் கொண்டு எழுதப்படும் விவரிப்பு, சிற்றினத்துக்குள் இயல்பாக உள்ள வேறுபாட்டைச் சொல்லாததால், வலுவற்றதே.

பல திரிபுகளைத் திரட்டி ஒப்பிடுவதினும் கடினமானது மூலத்திரிபைக் காப்பது. பெயர் சார்ந்து நிற்கும் அந்த உயிர்வளர்ப்பு, இரு வேறு நாடுகளின் பொதுக் காப்பகங்களில் யாவரும் பெறுமாறு வைக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டுப் பெயரிடல் விதி. சுவாமிநாதானியாவின் மூலத்திரிபு சண்டிகரிலும் பெல்ஜியத்திலும் வைக்கப்பட்டது. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம், 2002, புதிய உயிரினத்தை உள்நாட்டுக் காப்பகத்தில் ஒப்படைக்கக் கோருவதோடு, உயிர்வளம் வெளிநாடு செல்வதையும் ஒழுங்குபடுத்துகிறது. இவ்வாறு மூன்றாமவருக்குத் தரத் தடையுள்ள வளர்ப்பு பன்னாட்டு விதியை நிறைவு செய்யாது என்பதால், நல்ல ஆய்வும் ஏற்புடைய பெயரின்றித் தேங்குகிறது. மன்னார் வளைகுடா நீரிலிருந்து பிரிக்கப்படும் நுண்ணுயிர்களுக்கு மட்டுமன்றி, மேற்குத் தொடர்ச்சி மலையின் புளியறைச் சரிவு மண்ணிலிருந்து பிரிக்கப்படுவனவற்றுக்கும் இதே நிலைதான்.

மரபணுத்தொகுதி வரிசையையே மூலச்சான்றாக ஏற்கும் சீக்கோட் என்னும் நெறிமுறை 2022இல் வந்தது. வளர்க்க இயலாத கடல்நுண்ணுயிர்களுக்கு அது பெருந்துணை. வளர்க்க இயல்வனவற்றுக்கு அது ஈடாகாது, ஏனெனில் உப்பைத் தாங்கும் திறனை மற்றொருவர் சோதித்தறிய வரிசை மட்டும் போதாது. ஆகவே ஆய்வாளர்கள் கட்டுரை எழுதி முடித்தபின் அனுமதி தேடாமல், திரிபு தூய்மையானதும் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுக வேண்டும். ஆணையமும் மூலத்திரிபு ஒப்படைப்பை வணிக ஏற்றுமதியிலிருந்து வேறாகக் கருதி விரைந்து இசைவளிக்க வேண்டும்.