ரம்புட்டானை உரித்துக் கொடுக்கும் முன்...

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதா என்று அறிய அருவி வரை போக வேண்டியதில்லை. தென்காசியிலிருந்து போகும் வழியிலேயே சாலையோரக் கடைகள் சொல்லிவிடும். முள்முள்ளாகச் சிவந்த ரம்புட்டான், பக்கத்தில் மங்குஸ்தான், ஒரு ஓரமாக வாசனையால் தன்னை அறிவித்துக்கொள்ளும் துரியன், பலாச்சுளை, நாவல், நுங்கு. ஐந்தருவிப் பக்கம் போனால் பழக்கடைகளைத் தாண்டித்தான் தண்ணீரைப் பார்க்க முடியும். ஊருக்குத் திரும்பும்போது அல்வாவும் சிப்ஸும் வாங்குகிறோமோ இல்லையோ, குழந்தைகள் நச்சரிப்பதால் ஒரு கிலோ ரம்புட்டானாவது வாங்கிவிடுகிறோம்.

2025 சீசனில் திருநெல்வேலியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், ரம்புட்டான் விதை தொண்டையில் சிக்கி இறந்துபோனான். செய்தி வந்த இரண்டு நாளைக்கு எல்லோரும் பேசினோம். பிறகு பழக்கடைகளில் கூட்டம் வழக்கம்போல. பழத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை. அதை எந்த வயதுக்கு, எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரியவர்கள் ரம்புட்டான் சாப்பிடுவதைக் கவனியுங்கள். தோலைப் பாதி பிய்த்துவிட்டு அடியில் ஒரு அழுத்து. பழம் துள்ளி வாய்க்குள் போய்விடும். அந்த நொடியில் உதட்டைக் குவித்து மூச்சையும் சேர்த்து உள்ளே இழுக்கிறோம். நமக்கு அது பழகிவிட்டது. வாய்க்குள் பழத்தை உருட்டி, சதையைச் சுரண்டி, கொட்டையைத் துப்பத் தெரியும். நான்கு வயதுப் பிள்ளை நம்மைப் பார்த்து அதையே செய்கிறது. வழுவழுவென்று, உருண்டையாக, கொட்டையோடு கெட்டியாக இருக்கும் அந்தப் பழம் நாக்கில் நிற்காது.

சாப்பாடும் மூச்சும் தொண்டை வரை ஒரே பாதையில் வந்து, அதன் பிறகே பிரிகின்றன. விழுங்கும்போது மட்டும் மூச்சுக்குழாயின் வாயை ஒரு சின்ன மூடி மூடிக்கொள்ளும். சிரிக்கும்போது, அழும்போது, ஓடும்போது அது திறந்தேதான் இருக்கும். குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அதனுடைய சுண்டுவிரல் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்களும் ஒரு காரணம். முன்பற்கள் சீக்கிரம் வந்துவிடும், கடிக்க முடியும். அரைக்கும் கடைவாய்ப் பற்கள் ஒன்றேகால், ஒன்றரை வயதை ஒட்டித்தான் தலைகாட்டும். அடுத்த ஜோடி வர இரண்டு வயதுக்கு மேலாகும். அதனால் ஒன்றரை வயதுப் பிள்ளை நிலக்கடலையை இரண்டாக உடைக்குமே தவிர, மாவாக்காது.

குற்றாலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம், ஆண்களுக்குத் தனி இடம். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் போய்விட்டால், எண்ணெய் வழியும் தலையோடு குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும் சின்னது யாரிடம் இருக்கும்? பை, செருப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் காவல் காக்கும் பாட்டியிடம். அழாமல் இருக்க ஒரு பொட்டலம் அவித்த கடலையோ, உரித்த ரம்புட்டானோ கையில். பாட்டியின் கண் பையில் ஒன்று, படியில் ஒன்று. அருவி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கேட்டாலும் பயனில்லை என்பதுதான் இதில் கொடுமை. மூச்சு முழுதாக அடைத்துவிட்ட குழந்தை கத்தாது, அழாது, இருமாது. காற்று போனால்தானே சத்தம் வரும்?

ஆகவே, சாப்பிடுகிற குழந்தையைக் காதால் கவனிக்க முடியாது, கண்ணால்தான் முடியும். அருவிக்கரையில் நடந்துகொண்டே, ஈரப்படியில் ஓடிக்கொண்டே தின்னக் கொடுக்காதீர்கள். உட்காரவைத்து, முகம் பார்த்துக் கொடுங்கள். வேனில் வரும்போதும் அப்படித்தான். ராஜபாளையத்திலிருந்தோ கோவில்பட்டியிலிருந்தோ வருகிற வண்டியில் பின்சீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் முன்னால் பேசிக்கொண்டு வருவோம். ஒரு திடீர் பிரேக் போதும். வண்டியை ஓரங்கட்டி, பத்து நிமிடம் நின்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அருவி ஓடியா போய்விடும்?

பழத்துக்கு வருவோம். ரம்புட்டானைச் சின்னப் பிள்ளைக்கு முழுதாகக் கையில் கொடுக்கவே வேண்டாம். தோலை நீக்கி, கத்தியால் சதையைச் சீவி, கொட்டையைத் தூரப் போட்டுவிட்டு, சதையைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுங்கள். சில ரகங்களில் சதை கொட்டையை விட்டு லேசில் வராது, பொறுமை வேண்டும். மங்குஸ்தானில் பெரிய சுளைக்குள் கொட்டை இருக்கும், பிதுக்கிப் பாருங்கள். நுங்கை முழுக்கண்ணாக வாயில் போடாமல் மசித்துக் கொடுங்கள். திராட்சையைக் குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகத்தான் இருக்கும், அடைப்பதற்கு அதுவே போதும். நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். நாவல், சீத்தா, சப்போட்டா எல்லாவற்றிலும் கொட்டையை எடுப்பது நம் வேலை, குழந்தையின் வேலையல்ல.

கடலை விஷயத்தில் எனக்குச் சமரசமில்லை. நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து அடிக்கடி எடுக்கப்படும் பொருள்களில் நிலக்கடலைதான் முன்னால் நிற்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி நான்கு வயதுக்குள் முழுக்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் எல்லாம் வேண்டாம் என்கிறது. ஐந்து வரை தள்ளிப்போட்டால் நமக்கொன்றும் நஷ்டமில்லை. கடலையின் சத்து வேண்டுமா, கடலைப்பொடி இருக்கிறது, கடலைச் சட்னி இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாயைக்கூட மிக்ஸியில் பொடித்துச் சோற்றிலோ பாலிலோ கலந்தால் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்வதில்லை. சுண்டலையும் மசித்துவிடலாம்.

தின்பண்டம் மட்டுமில்லை. அருவிக்கரைக் கடைகளில் தொங்கும் பலூன், வெடித்துக் கிழிந்த பிறகுதான் ஆபத்தாகிறது. அந்த ரப்பர்த் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். நம் நாட்டில் 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சீசன் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கும் விளக்குப் பொம்மையில் அதைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் சொல்லுங்கள்.

சரி, இத்தனைக்குப் பிறகும் அடைத்துவிட்டால்?

நம் வீடுகளில் குழந்தை இருமினால் உச்சந்தலையில் தட்டி, "ஒண்ணுமில்ல, புரையேறிட்டு, யாரோ நெனைக்காவ" என்பார்கள். புரையேறுவது வேறு, அடைப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மட்டும் பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குழந்தை பலமாக இருமுகிறதா, அழுகிறதா? காற்று போய் வருகிறது. அப்போது தலையிலும் தட்ட வேண்டாம், முதுகிலும் அடிக்க வேண்டாம், தண்ணீரும் கொடுக்க வேண்டாம். முன்னால் குனிந்து இருமவிடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். இருமலைவிடச் சிறந்த மருந்து அந்த நேரத்தில் கிடையாது.

இருமல் நின்று, வாய் திறந்து, சத்தமே இல்லாமல் கண் பிதுங்கி, உதடு நீலம் பாரிக்கிறதா? அதுதான் அடைப்பு. நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஓடுகிறது, நல்ல சேவை. ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் பேரருவிக்கரைக்கு எந்த வண்டியும் அத்தனை சீக்கிரம் வந்துவிட முடியாது. பக்கத்தில் நிற்பவரை 108-க்குப் பேசச் சொல்லிவிட்டு நீங்கள் வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால், பின்னால் மண்டியிட்டு, மார்பை ஒரு கையால் தாங்கி நன்றாக முன்னால் குனிய வையுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக ஐந்து தட்டு. வரவில்லையா? பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து, மறுகையால் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக வெடுக்கென்று ஐந்து அழுத்தம். மறுபடி ஐந்து தட்டு, ஐந்து அழுத்தம். பொருள் வெளியே வரும் வரை, அல்லது குழந்தை மயங்கும் வரை நிறுத்தக் கூடாது.

இந்த வயிற்று அழுத்தத்தை 1974-ல் உலகுக்குச் சொன்னவர் ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர். 2016-ல், 96 வயதில், தான் வசித்த முதியோர் இல்லத்தில் தொண்டை அடைத்துத் தவித்த ஒரு பெண்மணியை அதே முறையில் காப்பாற்றினார். முதுகில் தட்டுவது அவருக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் அமெரிக்க இதயச் சங்கத்தின் 2025 வழிகாட்டி, முதுகுத் தட்டைத்தான் முதலில் வைத்திருக்கிறது. முதுகில் தட்டும் நம் பாட்டிகளின் கை தவறு செய்யவில்லை. குழந்தையைக் குனிய வைக்காமல் நிமிர்ந்தவாக்கில் தட்டியதுதான் குறை.

ஒரு வயதுக்குள் இருக்கும் சிசுவுக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரல் கிழியலாம். உங்கள் முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை தாழ்ந்திருக்கும்படி முதுகில் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, தலை தாழ்வாகவே இருக்க, நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். இப்படியே மாறி மாறி. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறுவதெல்லாம் வேண்டாம்.

விரலை விட்டுத் துழாவுவதுதான் நாம் முதலில் செய்வது. செய்யாதீர்கள். வழுக்குகிற பழம் இன்னும் உள்ளே போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். மீன் முள்ளுக்குக் கொடுப்பதுபோலச் சோற்று உருண்டை, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்ப்பதும் இங்கே ஆகாது, அது வேறு குழாய். குழந்தை மயங்கிவிட்டால் கெட்டியான தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவே வேகமாக 30 அழுத்தம், வாயைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு முறை மூச்சு, மறுபடி 30. பொருள் வெளியே வந்து குழந்தை சிரித்தாலும் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும். வயிற்றை அழுத்தியதில் உள்காயம் இருக்கலாம்.

இதைப் படிப்பதோடு விடாமல், ஒரு தலையணையையோ பெரிய பொம்மையையோ வைத்து வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். முக்கியமாக, பை பார்த்துக்கொள்ளப் போகிறவர் செய்து பார்க்கட்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது சத்தமில்லாமல் முடிகிற சம்பவங்கள். கடலை தின்னும்போது பிள்ளை கடகடவென்று இருமுகிறது, முகம் சிவக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது. "உள்ள போயிட்டு" என்று எல்லோரும் நிம்மதியாகிறார்கள். உள்ளேதான் போயிருக்கிறது, எந்தக் குழாய்க்குள் என்பது யாருக்கும் தெரியாது. சின்னத் துண்டு ஒரு பக்க நுரையீரலுக்குப் போகும் கிளையில் உட்கார்ந்துவிட்டால் மூச்சு நிற்காது. ஆனால் கடலை ஊறி உப்பும், அதன் எண்ணெய் அந்த இடத்தைப் புண்ணாக்கும். நாலு நாள் கழித்து இருமல், இழுப்பு, காய்ச்சல்.

குற்றாலம் போய்வந்த குடும்பம் அப்போது என்ன சொல்லும்? "அருவித் தண்ணி சேரல." அவ்வளவுதான், கதை மாறிவிட்டது. சளி மருந்து ஒரு வாரம், நெபுலைசர் ஒரு வாரம், நிமோனியா என்று ஊசி ஒரு வாரம். கொஞ்சம் குறையும், மருந்து நின்றதும் மறுபடி வரும். எக்ஸ்ரேயில் கடலையும் பழக்கொட்டையும் பொதுவாகத் தெரியாது. சில நேரம் படம் சுத்தமாகவே இருக்கும். மருத்துவருக்கு வழிகாட்ட மிஞ்சியிருப்பது உங்கள் வாய்மொழி ஒன்றுதான்: "அன்றைக்குத் தின்னும்போது ஒரு தடவை பயங்கரமாக இருமினான்."

அதைச் சொன்னால் அவர் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்கமும் ஒப்பிட்டு வைத்துக் கேட்பார். சந்தேகம் வந்தால் பிராங்கோஸ்கோப்பி செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார். மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டுப் பார்த்து எடுக்கிற வேலை அது. கிளம்பும்போது, குழந்தை தின்ற அதே கடலையோ கொட்டையோ ஒன்றிருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். எந்த அளவில், எந்த வடிவத்தில் உள்ளே தேட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.