இரண்டாவது டிரைவர் எங்கே?

குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் பஞ்சுப் பேல்களை ஏற்றிவந்து கோவை மில் வாசல்களில் நிற்கும் லாரிகளை நம் ஆலைத் தோழர்கள் நன்கு அறிவார்கள். ஓட்டி வருகிறவர்களில் எத்தனையோ பேர் கூலி விவசாயி வீட்டுப் பிள்ளைகள். வயலில் வேலை நாள் சுருங்கியதும் கிளீனராக வண்டி ஏறியவர்கள். கிளீனர் இரண்டாவது டிரைவராவார். மூத்த டிரைவரின் பக்கத்தில் அமர்ந்து பாதையைப் பழகுவார். பிறகே முழுப் பொறுப்பு அவர் கைக்கு வரும். இதுதான் இத்தொழிலில் ஏழைக்கு இருந்த பள்ளிக்கூடம்.

இப்பள்ளிக்கூடத்துக்குச் சட்டத்தின் ஆதரவும் இருந்தது. நேஷனல் பெர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், மாற்று டிரைவர் கால் நீட்டிப் படுக்க முழு நீள இருக்கை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறின. எல்லா முதலாளிகளும் இதை மதித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஏட்டில் இரண்டு பெயர், வண்டியில் ஒருவர் என்பது பழைய தந்திரம். ஆனாலும் விதி இருந்தவரை தொழிலாளி அதைக் காட்டி வாதாட முடிந்தது.

2018-இல் மத்திய சர்க்கார் அவ்விதியை எடுத்துவிட்டது. வேலை நேர வரம்பை மீறாவிட்டால் ஒரு டிரைவர் போதுமாம்! நள்ளிரவில் தும்கூர் தாண்டி ஓடும் லாரியில் மணிக்கணக்குப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டர் வருகிறார்? அதே ஆண்டு ஜூலையில், 49 டன்னாக இருந்த பெரிய டிரெய்லர்களின் மொத்த எடை வரம்பு 55 டன்னாக உயர்த்தப்பட்டது. பாரத்தைக் கூட்டி ஆளைக் குறைத்தார்கள்.

இதில் முதலில் நசுங்குகிறவர் புதிய டிரைவர். இலகுரக வாகன லைசென்ஸ் பெற்று ஓராண்டு ஆனால், போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் லைசென்ஸ் கேட்கலாம். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீங்கியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் லைசென்ஸ் வேறு, டிரெய்லர் ஓட்டத் தெரிவது வேறு. திருப்பத்தில் பின்வண்டி முன்வண்டியின் தடத்தில் வராது. உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். பின்னால் எடுக்க ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஈரச் சாலையில் பதறிப் பிரேக் பிடித்தால் பின்வண்டி பக்கவாட்டில் சுழன்று வந்து முன்வண்டியையே இடிக்கும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பாரவண்டியை எந்தக் கியரில் பிடித்து இறக்குவது என்பதைப் பக்கத்து இருக்கை டிரைவர்தான் சொல்லித் தந்தார். அந்த இருக்கையைத்தான் சர்க்கார் காலி செய்தது.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் குளிர்சாதனம் கட்டாயம். நல்லதே. இரவெல்லாம் தனியாக ஓட்டுகிறவருக்குக் குளிர்ந்த காற்று விழிப்பைத் தருமா, தூக்கத்தைத் தருமா என்பதைச் சட்டம் செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாநில எல்லை தாண்டினால் வேறு தொல்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. ஆனால் பாதையில் எங்கும் நிறுத்தக்கூடிய பறக்கும் படைகள் இருக்கின்றன. அவர்கள் கேட்பது ஈ-வே பில். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. அளவுக்கு மிஞ்சிய நீள அகலமுள்ள சரக்கை ஏற்றும் டிரெய்லருக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வியாபாரி எந்தக் கணக்கில் பில் போட்டார் என்பது புதிய டிரைவருக்குத் தெரியாது. பில்லில் பிழை இருந்தால், வரியில் இருமடங்கு அபராதம் கட்டும்வரை வண்டி சிறைப்படும். மொழி தெரியாத ஊரில், பேட்டாவும் தீர்ந்து, வண்டிக்குக் காவல் கிடப்பவர் டிரைவர். அதிக பாரத்துக்கு ரூ. 20,000 அபராதம், மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. ஏற்றச் சொன்னவர் குடோனில் இருப்பார். போலீசின் கையில் அகப்படுபவர் டிரைவர்.

விபத்தில் ஆள் இறந்து, தகவல் கொடுக்காமல் ஓடினால் பத்தாண்டுச் சிறை என்று புதிய குற்றவியல் சட்டத்தின் 106(2) பிரிவு கூறியது. கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்ற பயத்தில் ஓடுகிறவரை அது நினைத்துப் பார்க்கவில்லை. 2024 ஜனவரி முதல் தேதி டிரைவர்கள் பல மாநிலங்களில் வண்டிகளை நிறுத்தினர். அவ்வாண்டு ஜூலையில் சட்டம் அமுலுக்கு வந்தபோது அவ்வுட்பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது. போராடாமல் அது நடந்திராது.

ஆனால் மறுபக்கத்தில் ஒரு பறிப்பு நடந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தியது. 2025 நவம்பர் 21-இல் அமுலான தொழிற் சட்டத் தொகுப்பு அதை ரத்துச் செய்து, வரம்பைப் பத்துப் பேராக உயர்த்தியது. மூன்று நான்கு வண்டி வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் டிரைவர் எட்டு மணி நேர வேலையை எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பார்?

நேஷனல் பெர்மிட் வண்டிகளில் இரண்டு டிரைவர் விதி திரும்ப வர வேண்டும். புதிய டிரைவர் சம்பளத்துடன் மூத்தவரிடம் பயில வழி வேண்டும். பில்லின் பிழைக்கும் அதிக பாரத்துக்கும் சரக்கு அனுப்பியவரே பதில் சொல்ல வேண்டும். இவற்றை மத்திய சர்க்காரிடம் வற்புறுத்துகிறோம். மில் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பேல் இறக்கும்வரை வாசலில் காய்ந்து கிடக்கும் டிரைவருக்குக் குளிக்கத் தண்ணீரும் படுக்க நிழலும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் பேட்டாவும் கேட்டு, ஆலைச் சங்கங்கள் இந்த மாதமே நிர்வாகங்களுக்கு மனுக் கொடுக்க வேண்டும்.