கலைக்கல்வி நேரத்தை விட்டுவையுங்கள்



ஈப்போவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் நான், நீர்வண்ணம் இப்போதுதான் கற்கிறேன். இதில் தாளின் வெண்மையே வெளிச்சம். ஈரத்தாளில் வெளிர்நீலத்தைப் பரவவிட்டால் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகள் காலைப் பனியோடு எழும்புகின்றன. காய்ந்தால் நிறம் வெளிறும். எனவே சற்று அழுத்தமாகவே தீட்ட வேண்டும்.

பினாங்கு ஓவியர் யோங் முன் சென் (1896–1962) மீனவர்களையும் தென்னங்கரைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தார். பேராக்கிலோ பல பால்மரக் காடுகள் செம்பனையாகிவிட்டன, லயங்களும் மறைகின்றன. சுங்கை சிப்புட்டில் தாத்தா பாட்டி மரம் சீவிய நிரைகளை அவர்களிடமே கேட்டு நம் பிள்ளைகள் வரையட்டும்! மூன்று வண்ணம், ஒரு தூரிகை, தடித்த தாள் போதும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, கலைக்கல்வி நேரத்தைப் பிற பாடங்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பயிற்சி ஆசிரியை,
ஈப்போ