எக்ஸ்ரே அறையில் யார் கை எந்திரத்தில்?

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் தோள்களை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலகும். எக்ஸ்ரே குழாய்க்கும் தட்டுக்கும் ஏறத்தாழ ஆறடி தூரம் வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பிடித்த நொடியில் படம் எடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது நாலு வரி. காது மந்தமான ஒரு பாட்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தால்தான் தொழில் புரியும்.

குமரி மாவட்டத்தில் பிளஸ் டூ அறிவியல் முடித்து, மருத்துவ இடம் கிடைக்காமல் ரேடியோகிராபிக்குப் போகும் பட்டியலினப் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் பல்கலைக்கழகப் படிப்பு என்ன தந்தது என்று கேட்டால், உடற்கூறியலும் கதிர்வீச்சு இயற்பியலும் தெரியும் என்கிறார்கள். தனியாகப் படம் எடுப்பீர்களா என்று கேட்டால்தான் குரல் இறங்குகிறது.

பயிற்சிக்குப் போன இடத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் பதிவேடு எழுதவுமே நிறுத்தினார்கள் என்ற குறை நம் காதுக்கு வருகிறது. எல்லாச் சாதி மாணவருக்கும் நேர்வதுதானே என்பார்கள். இருக்கலாம். ஆனால் மாமா ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் மாணவன் விடுமுறையில் அங்கே போய்ப் பழகிக்கொள்வான். செங்கல் சூளைக் கூலியின் மகளுக்குக் கல்லூரி காட்டும் எந்திரம் ஒன்றுதான். அங்கே விட்டது விட்டதுதான்.

இன்னொன்றும் உண்டு. இது தொட்டுச் செய்யும் தொழில். பழைய திருவிதாங்கூரில், நாஞ்சில் நாட்டு வீதிகளில் எட்ட நிற்கச் சொல்லப்பட்டவர்களின் பேத்தி, இன்று நோயாளியின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்துகிறாள். அவளை எந்திரத்தின் பக்கம் விடாமல் பதிவேட்டோடு உட்கார வைப்பதை வெறும் நிர்வாகக் குறையாக நாம் பார்க்க முடியாது.

2021-இல் வந்த துணைமருத்துவ, சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டம் படிப்பை மணிக்கணக்கில் அளக்கிறது. துணைமருத்துவத் தொழிலாளரின் பட்டய அல்லது பட்டத் தகுதிக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், சுகாதாரத் தொழிலாளரின் பட்டத் தகுதிக்கு 3,600 மணி நேரம். பெயர் பதிந்துகொள்வதும் கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த மணிகளில் மாணவி எத்தனை படம் எடுத்தாள், எத்தனை முறை வேடிக்கை பார்த்தாள் என்பதைப் பயிற்சிப் பதிவேடுதான் சொல்லும். எடுக்காத படத்துக்குக் கையெழுத்து வாங்கி நிரப்பிய பதிவேடு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காலை வாரிவிடும்.

ஆகவே சேருமுன் கேளுங்கள்: டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றின் இணைப்பு இருக்கிறதா? எந்த மருத்துவமனையில் பயிற்சி? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்குமா? அது அங்கீகாரம் பெற்ற படிப்புக்கே உண்டு என்பதால், 'எங்களிடம் கிடையாது' என்று சொல்லும் நிறுவனத்தில் காரணத்தைத் துருவிக் கேளுங்கள். பயிற்சியில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தருவார்களா என்றும் கேளுங்கள். தொழிலில் இருப்பவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு. பேட்ஜ் இல்லாவிட்டால் உடம்பில் எவ்வளவு ஏறியது என்று யாருக்குத் தெரியும்?

படித்துக்கொண்டிருப்பவர்கள் சொந்தமாக ஒரு நோட்டு வையுங்கள். நாள், எடுத்த படம், நின்று சொல்லிக்கொடுத்தவர் பெயர். மாதம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் மாணவனின் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்து, குறைந்தால் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.