“ஒத்துக்கிட்டு கட்டிடலாம்” என்ற பேச்சு இனி செல்லுமா? மதுபோதை வழக்கில் தண்டனையும் தற்காப்பும்

மதுபோதையில் வாகனம் ஓட்டி ஒருவர் பிடிபட்டால், மறுநாள் காலை வீட்டில் எழும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடலாம். ரெண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி வரும். தவணைக்கு யார்கிட்டயாவது வாங்கிக்கலாம்.” கோப்பிக் கடையில் இதைச் சொல்லும் மாமா தன் அனுபவத்தைத்தான் சொல்கிறார். அவர் நீதிமன்றம் போய் வந்த ஆண்டு எது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 23 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன், உடலில் மது அளவு மீறி வாகனம் ஓட்டியதற்கான 45ஏ பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 1,000 ரிங்கிட்டில் தொடங்கி 6,000 வரை இருந்தது. மாமா சொல்லும் கணக்கு அந்தக் காலத்தது. இன்று அதே பிரிவில் முதல் முறை பிடிபட்டவருக்கே குறைந்தபட்ச அபராதம் 10,000 ரிங்கிட். அதிகபட்சம் 30,000. அதோடு 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வாகனமோட்டும் உரிமம் குறைந்தது 2 ஆண்டுக்குப் பறிபோகும். இரண்டாவது முறை என்றால் அபராதம் 20,000 முதல் 50,000, சிறை 5 ஆண்டு வரை, உரிமம் குறைந்தது 5 ஆண்டுக்கு இல்லை.

யாரையும் மோதவில்லை, யாருக்கும் காயமில்லை என்றாலும் இதுதான் கணக்கு. சாலைத்தடுப்பில் நிறுத்தி ஊதச் சொன்னபோது எண் கூடிவிட்டது, அவ்வளவுதான். இது கவுண்டரில் சம்மன் கட்டி முடிக்கும் விவகாரமும் இல்லை. நீதிமன்றம் போயே ஆகவேண்டும்.

சட்டம் இவ்வளவு கடுமையானதற்குப் பின்னணி உண்டு. 2020இன் முதல் பாதியில் மதுபோதை விபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தியாயின. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த மே மாதத் தொடக்கத்தில், காஜாங் பக்கம் லெக்காஸ் நெடுஞ்சாலையில் சாலைத்தடுப்புப் பணியில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் மோதப்பட்டு இறந்தார். மக்களின் கோபம் நாடாளுமன்றம் வரை போனது. சில மாதங்களில் திருத்தம் நிறைவேறியது.

உயிர் போனால் பேச்சே வேறு. 44ஆவது பிரிவில் மரணம் விளைவித்தவருக்கு முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம், உரிமம் குறைந்தது 10 ஆண்டுக்கு ரத்து. காயம் விளைவித்தால் 7 முதல் 10 ஆண்டு சிறை, 30,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம், உரிமம் குறைந்தது 7 ஆண்டுக்கு இல்லை. பழைய சட்டத்தில் மரணத்துக்கே சிறை 3 ஆண்டில்தான் தொடங்கியது. இப்போது நீதிபதி எவ்வளவு இரக்கப்பட்டாலும் 10 ஆண்டுக்குக் கீழே இறங்க அவருக்கு அதிகாரமில்லை. முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கும் அதே தரைதான். 44ஆவது பிரிவில் ஜாமீனும் உரிமையாகக் கிடைப்பதல்ல, நீதிமன்றம் பார்த்துக் கொடுப்பது.

ஒரு லோரி ஓட்டுநர் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டால்தான் இந்த எண்களின் கனம் தெரியும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 10,000 ரிங்கிட் அபராதம் என்பது அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய ஆறு மாதம். கட்ட முடியாவிட்டால் அதற்குப் பதிலாகச் சிறை. அதையும் எப்படியோ புரட்டிக் கட்டிவிட்டாலும் உரிமம் 2 ஆண்டுக்கு இல்லை. லோரி, பேருந்து, பள்ளி வேன், மின்-அழைப்பு வாடகைக் கார், கூரியர் மோட்டார் சைக்கிள் என்று சக்கரத்தின் மேல் பிழைப்பு நடத்தும் தமிழர்கள் ஏராளம். தோட்டங்கள் மேம்பாட்டுக்குப் போனபின் வெளியேறிய பிள்ளைகளுக்கு முதலில் கைகொடுத்ததே ஓட்டுநர் வேலைதான். அபராதம் ஒரு தடவை வலிக்கும். உரிமம் போனால் மாதாமாதம் வலிக்கும். வழக்கறிஞரிடம் போகாமல் “ஒத்துக்கிட்டு கட்டிடலாம்” என்று முடிவெடுப்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் போடுவதே இல்லை.

மது அளவின் எல்லையும் இறங்கிவிட்டது

இப்போதைய எல்லை, 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 22 மைக்ரோகிராம் மது. முன்பு 35ஆக இருந்தது. இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்தது 50ஆகவும், சிறுநீரில் 107ஆக இருந்தது 67ஆகவும் குறைக்கப்பட்டன. “ரெண்டு கிளாஸ் தாங்கும்” என்று பழைய அனுபவத்தில் சொல்பவர் இதையும் கவனிக்க வேண்டும். உடம்பு மதுவை மெதுவாகத்தான் வெளியேற்றும். கல்யாண வீட்டில் இரவு இரண்டு மணி வரை குடித்தவர், குளித்து, கோப்பி குடித்து, காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போதும் எல்லைக்கு மேலேயே இருக்கலாம். கோப்பியும் தூக்கமும் தெளிவைத் தருவதுபோல் தோன்றலாம். கருவி படிப்பது மதுவின் அளவை மட்டும்தான். பீரா, கள்ளா, சம்சுவா என்றும் அது கேட்காது. காருக்கு என்ன சட்டமோ அதுவே மோட்டார் சைக்கிளுக்கும்.

அப்படியானால் தற்காப்பே கிடையாதா? உண்டு. ஆனால் எண்ணிச் சொல்லக்கூடிய அளவில்தான்.

முதலாவது, அந்த எண் எப்படி வந்தது என்ற கேள்வி. சாலையில் கையடக்கக் கருவியில் ஊதுவது முதற்கட்டச் சோதனை. வழக்கை நிறுத்துவது அதன்பின் நிலையத்தில் முறையான கருவியில் எடுக்கப்படும் மூச்சு மாதிரி, அல்லது மருத்துவமனையில் எடுக்கப்படும் இரத்தம், சிறுநீர் மாதிரி. கருவி அங்கீகரிக்கப்பட்டதா, சரிபார்க்கப்பட்ட பதிவு இருக்கிறதா, இயக்கியவருக்கு அதற்கான தகுதி உண்டா, நேரம் சரியாகப் பதிவானதா என்று கேட்கலாம். இரத்தம் என்றால் எடுத்த மருத்துவரிலிருந்து இரசாயனத் துறையின் ஆய்வுக்கூடம் வரை மாதிரி யார் யார் கைமாறிப் போனது, முத்திரை உடையாமல் இருந்ததா என்பதும் கேள்விக்குரியது. மருத்துவமனையில் சிகிச்சையில் இருப்பவரிடம் மாதிரி கேட்கும் முன் அவரைக் கவனிக்கும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தக் கேள்விகள் எல்லா வழக்கையும் உடைத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் உடையாது. இல்லாதபோது இதைக் கவனிக்க ஒரு வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஓட்டினாரா என்பது. சட்டம் ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்ட முயல்பவரையும், வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும் பிடிக்கும். “வீட்டுக்குப் போகல, காரிலேயே படுத்துட்டேன்” என்பது நல்ல முடிவுதான் என்றாலும் அதுவே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. போதை தெளியும்வரை ஓட்டும் வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்ட முடிந்தால், வாகனம் அவர் பொறுப்பில் இருந்ததாகக் கருதாமல் விட 45ஆவது பிரிவில் இடம் உண்டு. அதை நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. சாவி நண்பரிடம் இருந்தது, அழைத்துப்போகத் தம்பி வந்துகொண்டிருந்தான் என்றெல்லாம் சாட்சி வேண்டும். சாவியைப் போட்டு, இன்ஜின் ஓட, ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து கிடந்தவர் இதைச் சொன்னால் எடுபடுவது கடினம்.

மூன்றாவது வாதம் அபூர்வமாகவே பொருந்தும். மாதிரியில் வந்த அளவுக்குக் குறையாமல்தான் ஓட்டியபோதும் மது இருந்தது என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது. ஓட்டி முடித்தபின், சோதனைக்கு முன்னால்தான் குடித்தேன், அதைக் குடிக்காமல் இருந்திருந்தால் எல்லையைத் தாண்டியிருக்காது என்று நிரூபித்தால் அந்த ஊகம் விழும். இதைக் கேள்விப்பட்டு, விபத்துக்குப் பின் வீட்டுக்கு ஓடி வேண்டுமென்றே குடித்தவன் கதை கோப்பிக் கடைகளில் சாமர்த்தியமாகச் சொல்லப்படுகிறது. விபத்து இடத்தில் நிற்காமல் ஓடுவது தனிக் குற்றம் என்பது அந்தக் கதையில் வருவதில்லை.

44ஆவது பிரிவு வழக்கில் நான்காவதாக ஒன்று உண்டு, கனமானதும் அதுதான். குடித்திருந்தார் என்பது மட்டும் போதாது, அவர் ஓட்டியதால்தான் மரணமோ காயமோ நேர்ந்தது என்பதையும் அரசுத் தரப்பு காட்ட வேண்டும். எந்தப் பாதையில் மோதல் நடந்தது, சமிக்ஞை விளக்கு எந்த நிறத்தில் இருந்தது, முன்னால் போன வாகனத்துக்குப் பின்விளக்கு எரிந்ததா என்பதெல்லாம் இங்கே பேசும். டேஷ்கேம் பதிவும் கடைகளின் சிசிடிவி பதிவும் சில நாட்களில் அழிந்துபோகலாம் என்பதால் குடும்பத்தார் முதல் வாரத்திலேயே தேட வேண்டும்.

ஊத மறுப்பதைத் தற்காப்பாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான காரணமின்றி மாதிரி தர மறுப்பதே குற்றம், அதற்கும் தண்டனை உண்டு. அதைவிட மோசமானது ஆள் மாற்றுவது. “நீ குடிக்கல, நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு” என்று அண்ணன் சொல்ல, தம்பி தலையாட்டினால் பொய்த் தகவல் கொடுத்ததற்காக அவன் மேலும் வழக்கு வரும். ஒரு வீட்டில் ஒரு வழக்கு இருந்த இடத்தில் இரண்டு ஆகும்.

வாதங்கள் எதுவும் பொருந்தாதபோதும் செய்வதற்கு வேலை இருக்கிறது. குற்றச்சாட்டைக் குறைக்கக் கோரி துணை அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் எழுத்துப்பூர்வமாக முறையிடலாம். ‘ரெப்ரெசென்டாசி’ என்று நீதிமன்ற வளாகத்தில் சொல்வது இதைத்தான். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. 44இலிருந்து, ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்ததற்கான 41ஆவது பிரிவுக்கு இறங்கினாலும் அங்கே 5 முதல் 10 ஆண்டு சிறை காத்திருக்கிறது. 45ஏ வழக்கில் தண்டனைக் குறைப்பு முறையீடு பயன் தரும். 10,000க்கும் 30,000க்கும் நடுவே நீதிமன்றம் எங்கே நிற்கும், சிறையும் சேருமா என்பது முதல் குற்றமா, அளவு எவ்வளவு கூடியிருந்தது, ஒத்துழைத்தாரா, வீட்டில் யார் யார் அவரை நம்பி இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், நோயாளிப் பெற்றோரின் மருத்துவக் கடிதம் ஆகியவற்றைக் கையில் கொண்டு போனவருக்கும், வெறுங்கையோடு நின்று “மன்னிச்சிடுங்க” என்றவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

கைதானவர் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமை கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதியில் உள்ளது. பணமில்லை என்பவர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம், அதாவது ஒய்பிஜிகே, தகுதியுள்ளவர்களுக்காகக் கைது, தடுப்புக்காவல் கட்டத்திலிருந்தே வழக்கறிஞரை அனுப்புகிறது. குற்றச்சாட்டு படிக்கப்படும்போது மலாய் முழுதாகப் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். புரிந்து, விளைவையும் தெரிந்து ஒப்புக்கொண்டால்தான் அந்த ஒப்புதல் செல்லும். வரிசையில் நிற்கும் பத்துப் பேரோடு தானும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து “என்ன சொன்னாங்க?” என்று கேட்பவர்களைத் தாமானிலும் தோட்டத்திலும் பார்க்கலாம். தண்டனையில் குறையிருப்பதாகத் தோன்றினால் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 14 நாள் அவகாசம். அதைத் தாண்டினால் சிக்கல்.

நீதிமன்றத்தோடும் செலவு நிற்பதில்லை. அளவு மீறிக் குடித்து ஓட்டியவரின் சொந்த வாகனச் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் கொடுத்த தொகையைக்கூடப் பின்னர் ஓட்டியவரிடம் திரும்பக் கேட்கலாம். வீட்டுக் கடன், வாகனத் தவணை என்று ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கடிதம் சில ஆண்டு கழித்து வரும்போது, விபத்தையே பாதி மறந்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் அதே மக்கள்தான் இருக்கிறார்கள். இந்நாட்டில் சாலையில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும் தொழிலாளியும், பாசார் மாலாமில் கடை கட்டிவிட்டு நள்ளிரவில் திரும்பும் அக்காவும் அந்தப் பாதியில்தான் வருகிறார்கள். குடிபோதைக்காரர் மோதி இறந்தவரின் வீட்டில், குற்றவியல் வழக்கு முடிந்தால் இழப்பீடும் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனி. இறந்தவரை நம்பியிருந்தவர்கள் சிவில் வழக்குத் தொடுக்க மரணத் தேதியிலிருந்து 3 ஆண்டு மட்டுமே உண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தாக இருந்தால் பெர்கெசோவிலும் விண்ணப்பிக்கலாம். அதற்குப் போலீஸ் புகார் நகலும் மருத்துவமனைப் பத்திரங்களும் வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு யாராவது ஒருவர் அவற்றை எடுத்து ஒரு கோப்பில் வைக்கத் தொடங்க வேண்டும்.