முதல் அலைக்கு எந்தப் பலகை?

அண்மைக் காலமாக நம் மாணவர்களிடையே ஒரு புதிய ஆசை முளைவிட்டிருக்கிறது. பாலியிலும் செராத்திங்கிலும் அலைமேல் நின்று வருபவர்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு பலகை வாங்கினால் என்ன?" என்று கேட்கிறார்கள். வரவேற்க வேண்டிய ஆசைதான். ஆனால் எந்தப் பலகை வாங்குவது என்பது மூன்றாவது கேள்வி. நீந்தத் தெரியுமா என்பது முதல் கேள்வி. அலை எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். பினாங்கில் அலை இல்லை. சுமத்திரா தீவு நீண்ட மதிலைப்போல் குறுக்கே கிடந்து, இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் பேரலைகளைத் தடுத்துவிடுகிறது. மலாக்கா நீரிணைக்குள் காற்று எழுப்பும் சிற்றலைகள்தாம் பத்து பெரிங்கிக் கரையில் வந்து விழுகின்றன. கப்பல்கள் அமைதியாக நங்கூரமிட உதவிய அதே குணம்தான் இந்தத் துறைமுகத்தை உருவாக்கியது. அலைச்சறுக்குக்கு அதுவே குறை. ஆகவே நம்மவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பகாங் மாநிலத்தின் செராத்திங்குக்கோ, தியோமான் தீவின் ஜுவாராவுக்கோ போக வேண்டும். மே முதல் அக்டோபர் வரை என்றால் தாய்லாந்தின் புக்கெட். எங்கு போனாலும் ஒரு நாள் பயணம்தான்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். நம் பாட்டன்மார் பலர் எஸ்.எஸ். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியவர்கள். கடலைக் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இன்று நீச்சல் தெரியும்? "கடல் பக்கம் போகாதே" என்பதுதான் நம் வீடுகளில் கடலைப் பற்றிச் சொல்லித் தரப்படும் ஒரே பாடம். அந்த அச்சத்தை நான் கேலி செய்யவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, சுமத்திராவின் வடமுனையைச் சுற்றி வந்த ஆழிப்பேரலை பினாங்குக் கடற்கரைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால், அஞ்சுகிற பெற்றோர் பிள்ளையை நீச்சல் குளத்துக்கு அனுப்பியிருக்க வேண்டாமா? கரையோடு நின்ற பிள்ளை, இருபது வயதில் நண்பர்களோடு முதன்முறையாக நீரில் இறங்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

பலகை மிதக்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் 'லீஷ்' என்ற கயிறு அறுந்துபோகக் கூடியது. அறுந்தால் அலை பலகையைக் கரைக்குக் கொண்டுபோய்விடும். நாம் உள்ளே நிற்போம். கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். இதையெல்லாம் செய்ய முடியாதவர் எந்தப் பலகையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை நீச்சல் வகுப்புக்குக் கட்டட்டும்.

சரி, நீந்தத் தெரிந்தவர்கள் என்ன வாங்குவது? கடையில் கண்ணைப் பறிப்பது ஆறடி நீளமும் கூர்மூக்கும் கொண்ட மெல்லிய பலகைதான். அதைத் தொடாதீர்கள். அது முப்பது லிட்டர் அளவே கன அளவு கொண்டது. பல ஆண்டுகள் பழகியவர்களுக்கானது. தொடக்கநிலையாளர் அதன்மேல் படுத்தாலே பாதி மூழ்கிவிடும். அலைச்சறுக்கில் நிற்பது சில நொடிகள்தாம். மீதி நேரமெல்லாம் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டிருப்பதே. துழாவ எளிதான பலகைதான் அலையைப் பிடித்துத் தரும்.

எட்டு முதல் ஒன்பது அடி நீளமும் இருபத்திரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலமும் கொண்ட, மேல்பக்கம் மென்நுரையால் ஆன 'சாஃப்ட் டாப்' பலகையே முதல் பலகை. கன அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: உங்கள் எடை எத்தனை கிலோவோ, குறைந்தது அத்தனை லிட்டர். எழுபது கிலோ என்றால் எழுபதுக்கு மேல், எண்பது வரை இருந்தால் இன்னும் நல்லது. பார்க்கக் குழந்தைகள் விளையாட்டுச் சாமான்போல் இருக்கும், இருக்கட்டும். தலையில் இடித்தாலும் உங்கள் மண்டையும் பக்கத்தில் நிற்பவர் மண்டையும் தப்பும்.

துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் பயணிகளைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்த மசுலாப் படகுகள் ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. இறுகிய படகை அலை உடைத்துவிடும், வளைந்து கொடுப்பது தப்பிக்கும் என்பது அந்தக் கரைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. "இது வெள்ளைக்காரன் விளையாட்டு" என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். அலைச்சறுக்கு ஹவாய்த் தீவு மக்களின் கலை. வெள்ளைக்காரர் பின்னால் கற்றுக்கொண்டவர்கள். கட்டுமரத்தில் தினமும் அலையைத் தாண்டிய குப்பங்களுக்கு அது அந்நியமாகவும் இல்லை. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புடிஹால் அதில் வெண்கலம் வென்றார்.

மற்ற சாமான்கள் அதிகமில்லை. லீஷ் கயிறு பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அடியில் பொருத்தும் 'ஃபின்' எனப்படும் செதில்கள் ஓரம் மழுங்கிய நெகிழ்வான வகையாக இருக்கட்டும். மெழுகு வாங்கினால் வெப்ப நீருக்கானதா என்று பாருங்கள். குளிர்நாட்டு மெழுகு நம் வெயிலில் உருகி வழிந்துவிடும். நம் கடல் வெதுவெதுப்பானது, ரப்பர் உடை வேண்டாம். முழுக்கைச் சட்டையான 'ரேஷ் கார்ட்' ஒன்று போதும். நுரைப் பலகையில் உரசி வயிறு புண்ணாகாமலும், வெயிலிலிருந்தும், ஓரளவு சொறிமுட்டையிலிருந்தும் அது காக்கும்.

வெயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பெண்கள் கடலுக்கு வராததற்கு நீச்சல் தெரியாதது பாதிக் காரணம். "கறுத்துப் போவாய்" என்ற சொல் மீதிப் பாதி. முழுக்கால் உடையும் ரேஷ் கார்டும் அணிந்து அலையேறலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி கவுன் அணிந்து வெறுங்காலோடு சறுக்குப் பலகை ஓட்டிய சிறுமியாக உலகுக்கு அறிமுகமானவர். அலைச்சறுக்கிலும் போட்டிகளுக்கு வந்தார். அவருடைய நிறத்தைப் பற்றி எந்த அலையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், முதல் ஆண்டில் பலகை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. புதிய நுரைப் பலகை ஒன்று ஆயிரம் வெள்ளியை எட்டும். கல்விக்கடனில் வாங்கிய ஒன்பது அடிப் பலகையை விடுதி அறையில் எங்கே வைப்பீர்கள்? இரவுப் பேருந்தில் யார் ஏற்றுவார்கள்? செராத்திங்கில் வாடகைக்கும் கிடைக்கிறது, பயிற்றுநரும் கிடைக்கிறார். பத்து முறையாவது வாடகைப் பலகையில் விழுந்து எழுந்த பின்னும் ஆசை குறையாதவர் வாங்கட்டும். பழைய பலகை என்றால் மேற்பரப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தாலோ தூக்கும்போது கனத்தாலோ உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

மொழிக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெர்ரிச் செடிக்கு முன் நின்று படம் எடுத்தது போதாதா? ஒருமுறை செராத்திங்குக்குப் பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு முந்திய பருவத்தில், வருகிறோம் என்று பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் நீச்சல் வகுப்பு நடத்துங்கள். ஐம்பது மீட்டர் நிற்காமல் நீந்தியவருக்கே பேருந்தில் இடம். சிவப்புக் கொடி பறக்கும் நாளில் எல்லாரும் கரையில் அமர்ந்து நாசி லெமாக் சாப்பிடலாம்.